கட்டைவிரலும் காற்று மீட்டரும்

அம்பத்தூர் எம்.டி.எச். சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு டன்லப், டி.ஐ. சைக்கிள் இரண்டும் ஸ்டாப்பிங் பெயர்கள். முதலாவது, 1959ல் வந்த டயர் தொழிற்சாலை. பல முறை மூடித் திறந்து, 2005ல் ரூயா குழுமத்திடம் கைமாறி, கடைசியில் நின்றே போனது. இரண்டாவது, 1949ல் தொடங்கி ஹெர்குலிஸ் சைக்கிள்கள் செய்த கம்பெனி. கார் வைத்திருக்கும் பலர் இன்றும் டயரை விரலால் அழுத்தியோ காலால் உதைத்தோ காற்று பார்க்கிறார்களே, அந்தப் பழக்கம் சைக்கிளிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்!

காற்றடைத்த டயருக்கு முதலில் 1845ல் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்தின் ராபர்ட் தாம்சன். அது எடுபடவில்லை. 1888ல் பெல்ஃபாஸ்ட் நகரத்து மாட்டு டாக்டர் ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக மறுபடி அதைக் கண்டுபிடித்தார். பேர் அவருக்கே நிலைத்தது. (தாம்சன் பாவம்!)

காற்றை உள்ளே நிறுத்த வால்வு வேண்டுமே? அதில்தான் விஷயம் இருக்கிறது. நம்மூர் சாதாரண சைக்கிளில் இருப்பது வுட்ஸ் வால்வு. அதற்குள் மாட்டும் சின்ன ரப்பர் குழாய்தான் வால் டியூப். அது காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அதனால் மீட்டரை வைத்தாலும் உள்ளிருக்கும் அழுத்தம் தெரியாது. விரலைத் தவிர வேறு வழி? காரில் இருப்பது நியூயார்க்கில் கம்பெனி நடத்திய ஷ்ரேடர் குடும்பத்தின் வால்வு, 1890களில் வந்தது. நடுவில் ஸ்பிரிங் வைத்த ஊசி. மீட்டரை அழுத்தினால் ஊசி உள்ளே போகும், கொஞ்சம் காற்று வெளியே வந்து அளவைக் காட்டும்.

பிறகு வந்த ரேடியல் டயர் விரலை மட்டுமல்ல, கண்ணையும் ஏமாற்றியது. காற்று சரியாக இருந்தாலும் அதன் பக்கவாட்டு கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். ஆனால் காற்று நிஜமாகவே குறைந்தால் டயர் அதிகமாக வளைந்து வளைந்து சூடேறும். 2000ம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அறுபது லட்சத்துக்கும் அதிகமான டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே மேல் ரப்பர் உரிந்து, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டயரின் தயாரிப்புக் கோளாறா, ஃபோர்டு சிபாரிசு செய்த 26 பவுண்டு காற்று போதாததா என்று இரு கம்பெனிகளும் சண்டை போட்டன. அதே ஆண்டு வந்த சட்டத்தால்தான் காற்று குறைந்தால் விளக்கு எரியும் கருவி அங்கே புதுக் கார்களில் கட்டாயமானது. அந்த விளக்கும், அழுத்தம் 25 சதவீதம் குறைந்த பிறகு எரிந்தால் போதும் என்பதே விதி!

ஆகவே மீட்டர்தான். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வெயிலில் வண்டியை ஓட்டிக்கொண்டு பங்க் வரை போவதற்குள் டயர் சூடாகி இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். அதனால் வீட்டு வாசலில், வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பதே சரி. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் மேலேயே அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, வைக்க வேண்டிய அளவு அல்ல. குறைந்தால் கால் பம்ப் போதும், பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரஸரும் கிடைக்கிறது. ஸ்டெப்னியையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.