லூகர் வாங்க முடியாதவர்களின் அலமாரி

பழைய பிஸ்டல் சேகரிப்பு என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஜெர்மானிய லூகர். சினிமாவில் நாஜி அதிகாரி கையில் இருக்குமே, அதுதான். அமெரிக்கச் சந்தையில் ஒரு நல்ல லூகர் இன்று ஆயிரக்கணக்கான டாலர். அவ்வளவு காசு இல்லாத மாதச் சம்பளக்காரர்களும் அங்கே சேகரிக்கிறார்கள். உற்பத்தி நின்றுபோன, எந்த ராணுவமும் போலீஸும் இனி வேண்டாம் என்று ஒதுக்கிய செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டல்கள்தான் அவர்கள் அலமாரியில் இருக்கும். செக்கோஸ்லோவாகியாவின் சி.இசட். 52, கிழக்கு ஜெர்மனியின் மகரோவ், போலந்தின் பி-64, ஹங்கேரியின் பி.ஏ.-63, ஸ்பெயினின் ஸ்டார், பிரான்ஸின் 1935ஏ. 1990களிலும் 2000களிலும் இவற்றில் பலவற்றை 200 டாலருக்கும் கீழே வாங்க முடிந்தது.

எனக்குத் துப்பாக்கி மேல் தனிப்பட்ட ஆசை ஒன்றும் கிடையாது. இங்கே இருந்துகொண்டு ஆசைப்பட்டும் பிரயோசனமில்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் ஒருவர் சாதாரணமாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, ராணுவ 9 மி.மீ. பிஸ்டலுக்கெல்லாம் சாமானியருக்கு லைசென்ஸே கிடைக்காது. என்னை இதற்குள் இழுத்தது அந்த விலைதான். இது ஏன் இவ்வளவு மலிவு என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனால், பாதி தடவை ஏதோ ஒரு அரசு கடையைச் சாத்திய நாளில் போய் நிற்கிறோம்.

முதலில் அமெரிக்கச் சட்டம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஐரோப்பிய ராணுவக் கிடங்குகளில் மலைபோல ஆயுதம் குவிந்து கிடந்தது. சாமுவேல் கம்மிங்ஸ் என்பவர் 1953ல் தொடங்கிய இன்டர்ஆம்ஸ் நிறுவனம் அதை மொத்தமாக வாங்கி, வர்ஜீனியா மாநிலம் அலெக்ஸாண்ட்ரியாவில் ஆற்றங்கரைக் கிடங்குகளில் அடுக்கி விற்றது. தபாலில் பணம் அனுப்பினால் துப்பாக்கி வீட்டுக்கே வந்துவிடும் காலம் அது. 1963ல் ஒரு இத்தாலிய ராணுவ ரைஃபிள், தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட். அஞ்சல் செலவு தனி. அதை வாங்கியவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதே ஆண்டு நவம்பரில் டல்லஸில் கென்னடி சுடப்பட்டார்.

மலிவு சர்ப்ளஸ் பற்றி எழுதும் பலர் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏழைச் சேகரிப்பாளரின் பொழுதுபோக்கும் அந்தக் கொலையும் ஒரே கதவு வழியாக வந்தவை. 1968ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகு, அக்டோபரில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்தக் கதவை மூடியது. தபால் விற்பனை போச்சு. வெளிநாட்டு ராணுவ சர்ப்ளஸ் இறக்குமதியும் நின்றது.

கைத்துப்பாக்கிகளுக்கு ஒரு மதிப்பெண் முறையும் வந்தது. நீளம், உயரம், எடை, பாதுகாப்பு அமைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். 75 எடுத்தால்தான் இறக்குமதி. ஜேம்ஸ் பாண்டின் வால்தர் பி.பி.கே. இதில் ஃபெயில். உடனே கம்பெனி அதன் அண்ணனான பி.பி.யின் உயரமான உடலை எடுத்து, அதன்மேல் பி.பி.கே.யின் குழலையும் மேற்பாகத்தையும் பொருத்தி பி.பி.கே./எஸ். என்று அனுப்பியது. ரஷ்ய டோக்கரேவில் கையால் போடும் சேஃப்டி கிடையாது. அமெரிக்காவுக்கு வரும் டோக்கரேவுக்கெல்லாம் இறக்குமதியாளரே ஒரு சேஃப்டி நெம்புகோல் வைத்துக் கொடுத்தார். பின்னாளில் ரஷ்யாவிலிருந்து விற்பனைக்கென்றே வந்த மகரோவில் குறி பார்க்கும் அமைப்பை நகர்த்தக்கூடியதாக மாற்றியதும் அதே மார்க்குக்காகத்தான். தூய்மைவாதிகள் இந்தச் சேர்க்கைகளைத் திட்டுவார்கள். எனக்கென்னவோ அவை பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை மாதிரி தெரிகின்றன.

1984ல் சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. 'அரும்பொருள், பழம்பொருள்' என்ற வகையில் அடங்கும் ராணுவத் துப்பாக்கிகளை மீண்டும் கொண்டுவரலாம் என்றானது. கைத்துப்பாக்கி என்றால் அந்த மார்க்கும் வேண்டும். 50 வயது ஆகி, பழைய வடிவிலேயே இருந்தால் அந்த வகையில் தானாகச் சேரும்; அரிதானவை என்று பட்டியலில் ஏற்றப்பட்டால் இளசுகளும் சேரலாம். இவற்றைச் சேகரிக்க ஒரு தனி லைசென்ஸ் உண்டு: மூன்று வருடத்துக்கு 30 டாலர். வாங்கியது விற்றது எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கணும். இதை வைத்து வியாபாரம் பண்ணக் கூடாது.

கதவு இப்படி ஒருக்களித்து நின்றபோதுதான் 1989ல் பெர்லின் சுவர் விழுந்தது.

கிழக்கு ஜெர்மனியின் மகரோவ் தயாரானது ஸூல் என்ற ஊரில். பல நூறு ஆண்டுகளாகத் துப்பாக்கி செய்த ஊர். முதல் உலகப்போருக்குப் பிறகு, வெர்சாய் ஒப்பந்தத்தால் சுருக்கப்பட்ட ஜெர்மன் ராணுவத்துக்கு அங்கே லூகர் செய்து கொடுத்தது ஸிம்ஸன் என்ற யூதக் குடும்பத்தின் ஆலை. நாஜிகள் வந்ததும் அந்த ஆலையைப் பறித்துக்கொண்டார்கள், குடும்பம் நாட்டை விட்டே வெளியேறியது. போருக்குப் பின் கம்யூனிஸ்ட் அரசு ஸூல் ஆலைகளுக்கு எர்ன்ஸ்ட் தேல்மன் பெயரை வைத்தது. புகென்வால்ட் முகாமில் 1944ல் கொல்லப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் அவர். அந்தப் பெயரின் கீழ்தான் 1950களின் கடைசியிலிருந்து சில வருடம் சோவியத் வடிவமைப்பில் மகரோவ் வந்தது. மெருகும் இழைப்பும் பார்த்தால் ரஷ்யாவில் செய்ததைவிட ஒரு படி மேல் என்பார்கள். 1990ல் அந்த நாடே இல்லாமல் போனது. ஸிம்ஸன் லூகர் பணக்காரர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள். அதே ஊர் மகரோவ் மலிவுக் கடை மேசை மேல். ஊரின் முழுக் கதை வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும்.

சி.இசட். 52 கதை வேறு மாதிரி. செக் பொறியாளர்கள் முதலில் இதை 9 மி.மீ. தோட்டாவுக்காகத்தான் வடிவமைத்தார்கள். சோவியத் முகாமுக்குள் எல்லாரும் ஒரே தோட்டா என்றதால் டோக்கரேவின் 7.62 மி.மீ.க்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஜெர்மன் எம்.ஜி. 42 இயந்திரத் துப்பாக்கியைப் போல உருளைகளால் பூட்டிக்கொள்ளும் அமைப்பு. பிஸ்டலில் ரொம்ப அபூர்வம். சுமார் இரண்டு லட்சம் செய்தார்கள், 1980களில் சி.இசட். 82 வந்ததும் கிடங்குக்குப் போனது. பூட்டு வலுவாகத் தெரிந்ததால் டோக்கரேவைவிடப் பலம் என்று ஒரு கதை கிளம்பியது. நம்பாதீர்கள், குழல் பின்புறம் சுவர் மெல்லிசு. சுத்தியலை இறக்கும் நெம்புகோல் தேய்ந்துபோனதில் சில துப்பாக்கிகள் தானாக வெடித்ததும் உண்டு. தெரிந்தவர்கள் அந்த நெம்புகோலைத் தொடவே மாட்டார்கள். பழைய ராணுவத் தோட்டாவில் இன்னொரு தொல்லை: தீப்பற்றும் மருந்து விட்டுப்போகும் உப்பு ஈரத்தை இழுத்து, ஒரே ராத்திரியில் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் போட்டால் உப்பு போகாது, வெந்நீர்தான் வைத்தியம்.

இந்த அலமாரியில் எனக்கு மிகவும் பிடித்தது பிரான்ஸின் 1935ஏ. இதன் தோட்டாவின் பூர்வீகம் அமெரிக்கா. முதல் உலகப்போரில் சாதாரண ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளைத் தானியங்கியாக்க ஜான் பெடர்சன் ஒரு ரகசியக் கருவி செய்தார். 1919 தாக்குதலுக்கென்று சுமார் 65,000 கருவிகள் தயாராயின. 1918 நவம்பரிலேயே போர் முடிந்துவிட்டது. பின்னாளில் பெரும்பாலானவற்றை அமெரிக்க ராணுவமே எரித்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தச் சின்னத் தோட்டா பிடித்துப்போய், அதையொட்டி 7.65 மி.மீ. நீளத் தோட்டாவை உருவாக்கினார்கள். அதற்காக ஷார்ல் பெட்டர் வடிவமைத்ததுதான் 1935ஏ. பெட்டரின் வடிவமைப்பை ஸ்விட்சர்லாந்தின் ஸிக் நிறுவனம் 1937ல் உரிமம் வாங்கி, வளர்த்து, 1949ல் ஸ்விஸ் ராணுவத்துக்கு பி210 ஆகக் கொடுத்தது. உலகின் மிக நேர்த்தியான பிஸ்டல்களில் ஒன்று என்று பெயர், விலையும் அதற்கேற்ப. அதன் மூதாதை மட்டும் மலிவு. காரணம் சப்பை: தோட்டா கிடைப்பதில்லை. வேறொரு தோட்டாவின் பித்தளை உறையைக் கடைந்து தாங்களே செய்துகொள்ளும் பொறுமைசாலிகள்தான் அதைச் சுடுகிறார்கள்.

ஸ்பெயினில் விழுந்தது அரசு அல்ல, ஆலைகள். ஐபாரில் இருந்த ஸ்டார், கெர்னிகாவில் இருந்த அஸ்ட்ரா இரண்டும் 1997ல் மூடப்பட்டன. 1937 குண்டுவீச்சில் கெர்னிகா ஊரே எரிந்தபோது சேதமில்லாமல் தப்பியவற்றில் அந்த ஆயுத ஆலையும் ஒன்று. விமானம் அனுப்பிய அதே ஜெர்மனிக்கு, சில ஆண்டுகள் கழித்து அங்கிருந்து பிஸ்டல் போனது.

மலிவுக் காலம் நீடிக்கவில்லை. சீன ஆயுத இறக்குமதியை 1994ல் கிளின்டன் அரசு நிறுத்தியது. அதோடு சீன டோக்கரேவ்கள் வரத்து நின்றது. 1996ல் ரஷ்யாவோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தில் அனுமதிப் பட்டியல் போட்டார்கள், மகரோவ் அதில் இல்லை. கிடங்கு ஒருமுறைதான் காலியாகும். காலியானதும் நூறு டாலர் பொருள் பல நூறு ஆனது.

விலை ஏறினால் பொய்யும் ஏறும். நாஜி முத்திரையைப் புதிதாகக் குத்தி விற்பது பழைய தொழில். கிழக்கு ஜெர்மன் மகரோவ் என்றால் விற்பவர் வாயில் 'ஸ்டாஸி அதிகாரியுடையது' என்று வந்துவிடும். கையில் ஒரு காகிதம் இருக்காது. அனுபவஸ்தர்கள் கதையைக் காதில் போடாமல் எண்களைப் பார்ப்பார்கள்: உடல், குழல், மேற்பாகம் மூன்றிலும் ஒரே எண்ணா என்று. இன்னொரு வகை அழிவு, பழசைப் பளபளப்பாக்குகிறேன் என்று குரோம் பூசுவது. தொழிற்சாலைக் குறி, பழுதுபார்த்த கிடங்கின் குறி எல்லாம் அதோடு போச்சு. அந்தக் குறிகள் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. இறக்குமதியாளர் பெயர் பொறித்திருந்தால் விலை குறையும், சிப்பாய் நேரடியாகக் கொண்டுவந்த பொறிப்பில்லாத துப்பாக்கிக்குத்தான் மவுசு. கைக்காசு குறைவானவருக்கு இதில் லாபம்.

அமெரிக்காவின் சொந்த ராணுவ பிஸ்டலான எம்1911க்கு 1985ல் மாற்று வந்தது. மிச்சம் கிடந்தவற்றைப் பொதுமக்களுக்கு விற்பது 2018ல்தான் தொடங்கியது. அப்போது விண்ணப்பம் போட்டு, குலுக்கலில் வரும் எண் வரிசைப்படி காத்திருந்து வாங்க வேண்டியிருந்தது. விலை ஆயிரம் டாலரை ஒட்டி இருந்தது.