தணிக்கைக்கு எட்டாத நூலகம் பிறந்த கதை

சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி 2018 அக்டோபரில் இஸ்தான்புல்லில் இருந்த தம் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குள் போனார். உயிரோடு திரும்பவில்லை. அவரைப் போன்றவர்களின் எழுத்து, யாருக்காக எழுதப்பட்டதோ அந்த மக்களை எட்டாதபடி பல அரசுகள் இணையதளங்களை முடக்கி வைக்கின்றன. ஆனால் அதே நாடுகளில் பிள்ளைகள் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை ஆடுவதை யாரும் தடுக்கவில்லை. அந்த இடுக்கில்தான் 'தணிக்கையில்லா நூலகம்' முளைத்தது.

மைன்கிராஃப்ட் உலகில் மண், மரம், கல் எல்லாமே ஒரு மீட்டர் கனசதுரக் கட்டைகள். விளையாடுபவர் அதற்குள்ளேயே புத்தகமும் எழுதலாம். எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் பிறகு பக்கங்களை மாற்ற முடியாது. தடைசெய்யப்பட்ட கட்டுரைகளை இந்தப் புத்தகங்களில் ஏற்றிவிட்டால் என்ன? எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் ஜெர்மனிக் கிளையும் டிடிபி விளம்பர நிறுவனமும் சேர்ந்து இந்த யோசனையைக் கையிலெடுத்தன.

புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தாலே போதும், வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒரு பெட்டியைத் தேடி யார் வருவார்கள்? படிக்க வருபவருக்கு, தாம் வந்திருக்கும் இடம் பெரியது என்ற உணர்வு வரவேண்டும். அதற்குத் தேவைப்பட்டது கட்டடக்கலை. மைன்கிராஃப்டில் கட்டடங்கள் எழுப்பும், லண்டனைச் சேர்ந்த பிளாக்வொர்க்ஸ் குழுவிடம் பொறுப்பு போனது. 2013இல் அதைத் தொடங்கிய ஜேம்ஸ் டெலேனி, கேம்பிரிட்ஜில் கட்டடக்கலை படித்தவர்.

குழு தேர்ந்தெடுத்தது கிரேக்க, ரோமானிய மரபைத் தழுவிய பாணி: அகன்ற படிகள், வரிசைத் தூண்கள், நடுவே பிரம்மாண்டமான குவிமாடம். அரசுகள் தங்கள் அதிகாரத்தைக் காட்ட நாடாளுமன்றங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் காலங்காலமாகப் பயன்படுத்தும் பாணி இது. அரசுகள் மறைக்க நினைத்த எழுத்துக்கே அந்த மாளிகையைக் கொடுத்தார்கள். எந்த நாட்டு இளைஞரும் பார்த்தவுடன் அதன் கம்பீரத்தைப் புரிந்துகொள்வார்.

மைன்கிராஃப்டில் மணல், சரளை போன்ற சில கட்டைகளைத் தவிர மற்றவை தாங்க எதுவும் இல்லாமலே அந்தரத்தில் நிற்கும். கூரையைத் தாங்க வேண்டாத இடத்தில் தூண் எதற்கு? உள்ளே வருபவரின் நடையை நிதானப்படுத்த, கண்ணை மேலே உயர்த்த, எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்ல. பாரத்தைக் கணக்கிடும் வேலை கழன்றுவிட்டால் கட்டடக் கலைஞரிடம் மிஞ்சுவது இந்த அறிவு. அவருடைய தொழிலின் உயிர் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

16 நாடுகளைச் சேர்ந்த 24 பேர் ஏறத்தாழ 250 மணி நேரம் உழைத்தார்கள். 1.25 கோடிக்கும் மேற்பட்ட கட்டைகள் அடுக்கப்பட்டன. இணையத் தணிக்கைக்கு எதிரான உலக நாளான மார்ச் 12 அன்று, 2020இல் நூலகம் திறந்தது. நடுக்கூடத்தில் உலக நாடுகளின் பத்திரிகைச் சுதந்திர நிலவரம். தொடக்கத்தில் எகிப்து, மெக்சிகோ, ரஷ்யா, சவூதி அரேபியா, வியட்நாம் என ஐந்து நாடுகளுக்குத் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. மெக்சிகோ பகுதியில் கொல்லப்பட்ட செய்தியாளர்களுக்கு நினைவுச் சின்னங்கள் எழுப்பியிருக்கிறார்கள். நூலகம் முழுவதையும் யார் வேண்டுமானாலும் தரவிறக்கித் தம் கணினியில் வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு சர்வரை முடக்கினாலும் நூலகம் அழியாது.

மெய்நிகர் உலகில் கட்டடக் கலைஞர்களின் வேலைக்கு வேறு களங்களும் உண்டு. 2016இல் வந்த 'தி விட்னஸ்' விளையாட்டின் தீவை உருவாக்குவதில் கட்டடக் கலைஞர்களும் நிலவடிவமைப்பாளர்களும் பங்கெடுத்தார்கள். ஐநாவின் குடியிருப்புத் திட்ட அமைப்பு 2012 முதல் மைன்கிராஃப்டை உருவாக்கிய நிறுவனத்தோடு கைகோத்து, தங்கள் பகுதியின் பூங்காவும் சதுக்கமும் எப்படி இருக்க வேண்டும் என்று மக்களையே அந்த விளையாட்டில் கட்டிக்காட்டச் சொல்கிறது. அப்படிப் பிறந்த யோசனைகள் நிஜத் தெருக்களுக்கும் வந்திருக்கின்றன.

கணினியில் முப்பரிமாண மாதிரி செய்யும் திறமை இன்றைய கட்டடக்கலை மாணவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மெய்நிகர் உலகை விளையாட்டுப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்று கல்லூரிகள் ஒதுக்கிவிடக் கூடாது. கோடிக்கணக்கானவர்கள் தினமும் பொழுதைக் கழிக்கும் இடங்கள் அவை. அங்கே மனிதர்கள் எப்படி நுழைய வேண்டும், எங்கே கூட வேண்டும், எதன் முன்னால் நிற்க வேண்டும் என்று யாரோ ஒருவர் தீர்மானித்துக்கொண்டுதான் இருக்கிறார். அதற்கென்றே பயின்றவர்கள் அந்தப் பொறுப்பை ஏற்கட்டும்.