உரிமம் கேட்காத அலைவரிசை

வீட்டு ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் எஸ்எஸ்ஐடி, சேனல், 802.11, டபிள்யூபிஏ2 என்று புரியாத சொற்கள் வரிசைகட்டி நிற்கும். பலரும் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்தச் சொற்களுக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அது தொடங்கிய இடம் பசிபிக் கடலின் நடுவே உள்ள ஹவாய்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டர் ஓவாஹு தீவில் இருந்தது. கல்லூரிகளோ பல தீவுகளில் சிதறிக் கிடந்தன. டெலிபோன் லைனில் இணைப்பதென்றால் செலவும் அதிகம், இரைச்சலும் அதிகம். பேராசிரியர் நார்மன் ஏப்ரம்சனின் குழு ரேடியோ அலையைக் கையில் எடுத்தது. 1971 ஜூனில் அலோஹாநெட் என்ற நெட்வொர்க் இயங்கத் தொடங்கியது.

அது வேலை செய்த விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதிகபட்சம் 80 எழுத்துகள் சேர்ந்தால் ஒரு பாக்கெட். எல்லா முனையங்களும் 407.350 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் நினைத்த நேரத்தில் அனுப்பலாம். முறை கேட்க வேண்டியதில்லை. பாக்கெட் பழுதில்லாமல் வந்தால், 'மெனஹூனே' என்ற மையக் கருவி 413.475 மெகாஹெர்ட்ஸில் 'கிடைத்தது' என்று பதில் சொல்லும். பதில் வரவில்லையென்றால் இன்னொரு பாக்கெட்டோடு மோதிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, முனையம் சிறிது நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். எவ்வளவு நேரம்? ஒவ்வொரு முறையும் குலுக்கல் போல ஓர் அளவு. இருவரும் ஒரே அளவு காத்திருந்தால் மறுபடியும் மோதுவார்களே! இந்த முறையில் சேனலின் கொள்ளளவில் 18 சதவீதத்துக்குச் சற்று மேல் வரைதான் பயன்படுத்த முடியும். ஆனாலும் காவலாளி இல்லாமல் பலர் ஒரே அலையைப் பகிர முடியும் என்பது நிரூபணமானது.

ஜெராக்ஸ் ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் மெட்காஃப் 1973-ல் இந்த யோசனையைக் கம்பிக்குக் கொண்டுபோய் ஈதர்நெட்டை உருவாக்கினார். பேசுவதற்கு முன் வழி காலியா என்று காதுகொடுத்துக் கேட்கும் வழக்கம் அதில் சேர்ந்தது. இன்றைய வைஃபையும் முதலில் கேட்கிறது, பிறகு குலுக்கல் அளவில் காத்திருக்கிறது, அதன் பின்னரே பேசுகிறது.

அடுத்த திருப்பம் நிகழ்ந்தது ஓர் அரசு அலுவலகத்தில். மைக்ரோவேவ் அடுப்பு போன்ற கருவிகள் கசியவிடும் இரைச்சலுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த அலைவரிசைகளை யாரும் மதிக்கவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸும் அவற்றில் ஒன்று. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் பொறியாளர் மைக்கேல் மார்கஸ், அவற்றை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1985 மே மாதம், குறைந்த சக்தியில் சில விதிகளுக்கு உட்பட்டு எவரும் உரிமமின்றி அவற்றைப் பயன்படுத்தலாம் என்று ஆணையம் அனுமதித்தது. வைஃபை வீடு வீடாக நுழைந்ததற்கு வேகத்தைவிட இந்த ஆணையே பெரிய காரணம். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸை வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்ற அறிவிப்பு 2005 ஜனவரியில்தான் வந்தது.

அனுமதி கிடைத்ததும் முதலில் ஆர்வம் காட்டிய நிறுவனங்களில் ஒன்று, கடைகளுக்குப் பில் மெஷின் செய்துவந்த என்சிஆர். கடையின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் கேபிளைப் பிடுங்கி மறுபடி போடும் தொல்லை தீர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நெதர்லாந்தில் அந்நிறுவனத்தில் இருந்த விக் ஹேய்ஸ் தலைமையில் பல நிறுவனங்களும் கூடிப் பேசி உருவாக்கிய பொதுத் தரத்தின் எண்தான் 802.11. அது 1997-ல் வெளியானபோது வேகம் நொடிக்கு 2 மெகாபிட். இரண்டே ஆண்டில் 802.11பி அதை 11 ஆக்கியது. எண்ணைச் சொல்லி விற்க முடியாது என்பதால் 1999-ல் ஒரு விளம்பர நிறுவனத்திடம் பெயர் கேட்டார்கள். அப்படி வந்ததுதான் வைஃபை.

செட்டிங்ஸ் பக்கத்தில் பார்த்த எஸ்எஸ்ஐடி என்பது நம் நெட்வொர்க்குக்கு நாம் வைக்கும் பெயர். அதற்கு 32 பைட் மட்டுமே இடம். யூனிகோடில் தமிழ் எழுத்துக்கும் புள்ளிக்கும் துணைக்குறிக்கும் தலா 3 பைட் போய்விடும். 'நம்ம வீடு' என்ற பெயருக்கே 25 பைட் தீர்ந்துவிடுகிறது.

பாதுகாப்பின் கதை அவ்வளவு பெருமைக்குரியதல்ல. தொடக்கத்தில் வந்த டபிள்யூஇபி பூட்டின் அடிப்படைப் பலவீனத்தை 2001-ல் மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அவசர மாற்றாக 2003-ல் டபிள்யூபிஏ, அடுத்த ஆண்டு டபிள்யூபிஏ2, 2018-ல் டபிள்யூபிஏ3 என்று பூட்டுகள் மாறின.

எனவே ரவுட்டர் பக்கத்தை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். பூட்டு டபிள்யூஇபி என்றோ வெறும் டபிள்யூபிஏ என்றோ இருந்தால் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3-க்கு மாற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாதபடி வழக்கமாகப் பயன்படுத்தும் சேனல்கள் 1, 6, 11 மூன்றும்தான். அக்கம்பக்கத்து வீடுகள் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் நெட் சீராக வரும்.