உறைந்த இறைச்சியின் கடைசிப் பயணம்

1882-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15-ஆம் நாள், நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து 'டனீடின்' என்னும் பாய்மரக் கப்பல் இலண்டனை நோக்கிப் புறப்பட்டது. அதனுள் ஏறத்தாழ ஐயாயிரம் ஆட்டுடல்கள் உறைந்த நிலையில் அடுக்கப்பட்டிருந்தன. வெப்பமண்டலக் கடலில் குளிர்காற்று எங்கும் சீராகப் பரவவில்லை என்பதை உணர்ந்த கப்பல் தலைவர் விட்சன், தாமே காற்றுக் குழாயினுள் ஊர்ந்து சென்று துளைகள் இட்டார். குளிரில் விறைத்துப்போன அவரைக் கயிறு கட்டி வெளியே இழுத்துக் காப்பாற்றினர். 98 நாட்களுக்குப் பின் கப்பல் இலண்டனை அடைந்தபோது, கெட்டதெனக் கழிக்கப்பட்டது ஓர் உடல் மட்டுமே.

ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைக்கும் அளவிற்கு அதில் என்ன இருந்தது? குளிர் கிருமிகளைக் கொல்வதன்று, உறங்க வைப்பது. பாகை 18-க்குக் கீழான உறைநிலையில், அதாவது சுழிக்கும் 18 பாகை தாழ்ந்த குளிரில், அவை பெருகுவதில்லை. குளிர் தளர்ந்தால் விழித்துக்கொள்ளும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் விரைந்து பெருகும்.

இவ்வணிகம் நம் பகுதிக்கும் வந்தது. 1903-இல் சிங்கப்பூரில் தோன்றிய கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் ஆஸ்திரேலிய இறைச்சியை உறைநிலையில் தருவித்து விற்றது. எளிய குடும்பங்களுக்கு அது எட்டவில்லை; காலையில் சந்தையில் வாங்கியதை நண்பகலுக்குள் சமைத்து முடித்தனர். ஐஸ் பெட்டி வீடுதோறும் புகுந்தது பிற்காலத்தில்தான். பெட்டி வந்தது, அதற்குரிய பழக்கம் உடன் வரவில்லை! காலையில் இறைச்சியை எடுத்துத் தொட்டியருகே வைத்துவிட்டு வேலைக்குச் செல்வோர் இன்றும் உளர். நம் நாட்டு 30 பாகை வெப்பத்தில் மேற்புறம் இளகிப் பல மணி நேரம் கிடக்க, உட்புறமோ இன்னும் பனிக்கட்டியாகவே இருக்கும். கடல் கடந்து காத்த குளிர் அடுக்களையில் வீணாகிறது.

முதல்நாள் இரவே ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில், நீர் சொட்டாதவாறு ஒரு தட்டிலிட்டு வைத்தலே முறை. முழுக்கோழிக்கு ஒரு நாளேனும் வேண்டும். அவசரமெனில், நீர் புகாத பையிலிட்டுக் குளிர்நீரில் அமிழ்த்தி, அரைமணிக்கு ஒருமுறை நீரை மாற்றி, இளகியதும் சமைத்துவிடலாம்.

இளகியதை மீண்டும் உறையவைக்கலாமா என்று தாய்மார் வினவுவதுண்டு. இதற்குக் கிளாரன்ஸ் பர்ட்ஸ்ஐ என்னும் அமெரிக்கர் கண்டதை அறிதல் வேண்டும். 1912 முதல் லாப்ரடோர் நிலப்பகுதியில் வாழ்ந்த அவர், கடுங்குளிரில் நொடியில் உறைந்த மீன் சுவை குன்றாதிருத்தலைக் கண்டார். மெல்ல உறைந்தால் பனித்துகள்கள் பெரியனவாகித் தசையைக் கிழிக்கும்; சாறு வடிந்துவிடும். இக்கருத்தின்வழி அவர் உருவாக்கிய விரைவு உறைவு உணவுகள் 1930-இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் விற்பனைக்கு வந்தன. நம் வீட்டுப் பெட்டியோ மெல்லவே உறைய வைப்பது. ஆகவே ஐஸ் பெட்டிக்குள்ளேயே இளகிய இறைச்சியை மீண்டும் உறையவைத்தால் தீங்கில்லை, சுவைதான் குறையும். நீரில் இளக்கியதைச் சமைத்த பின்னரே உறையவைக்க வேண்டும். வெளியில் நெடுநேரம் கிடந்ததைக் குப்பையில் இடுவதே தக்கது.