சிங்கப்பூரின் பழைய இசைத்தட்டுகள்

சிங்கப்பூரில் பழைய இசைத்தட்டு சேர்ப்போர் கையில் இரண்டு வகைத் தட்டுகள் இருக்கும். ஒன்று, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத்தட்டு. மற்றொன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 45, 33⅓ சுற்று வினைல் தட்டு. பார்வைக்கு இரண்டும் கறுப்பு வட்டம்தான். ஆனால் அரக்குத்தட்டு கனமானது, கை தவறினால் பீங்கானைப் போல உடையும். வினைல் வளையும். காலனிய வணிகத்தின் தடம் அதிகம் பதிந்திருப்பது முதல் வகையில் என்பதால் இக்கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியே பேசுகிறது.

அரக்குத்தட்டின் மூலப்பொருளே இந்தியக் காட்டுச் சரக்கு. சோட்டா நாக்பூர்ப் பகுதியில் புரசு முதலிய மரங்களில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுரண்டி, உருக்கி, மெல்லிய தகடாக்கினால் அவலரக்கு. அதோடு கல்தூளும் கரிப்பொடியும் சேர்த்துச் சூடான அச்சில் அழுத்தினால் தட்டு கிடைக்கும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். மணிக்கணக்கில் விரியும் ராகத்தையும் கூத்துப்பாட்டையும் மூன்று நிமிடத்துக்குள் அடைக்கப் பாடகர்கள் பழகிக்கொண்டது இந்த அளவுக்கு அடங்கித்தான்.

லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கிராமபோன் கம்பெனி 1902இல் பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளரைக் கிழக்கே அனுப்பியது. அவர் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார், ஜப்பான்வரை போனார். அந்தப் பயணத்தில் சிங்கப்பூரிலும் 1903இல் மலாய்ப் பாட்டுகள் பதிவாயின. அப்போது மைக்ரோபோன் கிடையாது. பாடகர் பெரிய குழலின் வாய்க்குள் உரக்கப் பாட வேண்டும். ஒலி மெழுகுத் தகட்டில் கீறப்படும். அந்த மெழுகு ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலேறி, தட்டாக அச்சாகி, மறுபடி கப்பலேறி சிங்கப்பூர்க் கடைக்கு வரும். அரக்கு இந்தியாவுடையது, குரல் மலாயாவுடையது, ஆலை ஜெர்மனியுடையது, கணக்குப் புத்தகம் லண்டனுடையது. கம்பெனி 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை தொடங்கியதும் இந்தச் சுற்று குறுகியது. ஆலை 1928இல் டம்டம்முக்கு இடம்பெயர்ந்தது. இந்தக் கம்பெனியின் எச்.எம்.வி. முத்திரை கொண்ட பழைய மலாய்த் தட்டுகளில் டம்டம் என்ற ஊர்ப்பெயரைப் பார்த்துப் புதிதாகச் சேகரிக்க வருவோர் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

கிராமபோன் கம்பெனி தனியாக ஆடவில்லை. பெகா, ஓடியன் முதலிய ஜெர்மன் கம்பெனிகளும் இந்தச் சந்தைக்குள் நுழைந்தன. பெகாவின் பதிவுக் குழு 1905-06இல் ஆசியாவைச் சுற்றிவந்தபோது சிங்கப்பூரிலும் இறங்கியது. எச்.எம்.வி.யின் சிங்கப்பூர் முகவராக விளங்கியது மௌட்ரி என்ற பியானோக் கம்பெனி. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்து, மக்கள் கையில் காசு ஓடாமல்போனபின், 1934இல் ‘சாப் கூச்சிங்’ என்ற பூனைச் சின்னத்தோடு உள்ளூர்ப் பாட்டுகளுக்கென்றே மலிவுத் தட்டு வந்தது. பங்சவான் நாடக மேடையிலும் கெரோஞ்சோங் இசைக்குழுக்களிலும் பாடியவர்கள் அதில் நிறையப் பேர். ‘மிஸ்’ என்ற அடைமொழியோடு அச்சான பாடகியர் பெயர்களைத் தேடுவோர் இன்றும் உண்டு. 1936இல் எச்.எம்.வி.யின் சிங்கப்பூர்க் கிளையில் பதிவு மேற்பார்வையாளராகச் சேர்ந்த சுபிர் சயித் என்பவர்தான் பிற்பாடு நாட்டுப்பண்ணான ‘மஜுலா சிங்கப்பூரா’வை 1958இல் இயற்றினார்.

தமிழ்த் தட்டுகள்

சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் சுழன்ற தட்டுகள் பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்தவை. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்ற மேடைப் பாடகர்களின் தட்டுகள் 1920, 30களில் தமிழ் பேசும் இடமெல்லாம் விற்றன. ஏவி. மெய்யப்பன் திரைத்துறைக்கு வருமுன் நண்பர்களோடு சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்றுப் பெயர்பெற்றது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஓடிய ரஜூலா போன்ற கப்பல்களில் ஆட்களோடும் வெற்றிலைக் கூடைகளோடும் பாட்டும் வந்து இறங்கியது.

பாட்டை மட்டும் தேடுபவர்கள் இங்கே ஒரு பெரிய ஆதாரத்தைத் தவறவிடுகிறார்கள். சென்னையில் பாடி, கல்கத்தாவில் அச்சான தட்டு மதுரையிலும் கிடைக்கும், சிங்கப்பூரின் தேக்காவிலும் கிடைக்கும். அது சிங்கப்பூரில் வாழ்ந்தது என்பதற்குச் சான்று அதன் காகித உறை. உறையில் குத்திய கடை முத்திரை, விளம்பரம், ஓரத்தில் பென்சிலால் எழுதிய விலை, உரிமையாளரின் கையெழுத்து ஆகியவைதான் இந்த ஊரின் பங்கு. கிழிந்த உறையை வீசிவிட்டுப் பளபளப்பான பிளாஸ்டிக் உறைக்குள் தட்டைப் போடுபவர், வரலாற்றில் பாதியைக் குப்பைக்கு அனுப்புகிறார் என்பது மிகையல்ல.

உள்ளூர் இசைத்தட்டில் இந்தியர்களின் கை பாடகராக அல்லாமல் வேறு வழியில் தெரிகிறது. ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் மலாய்ப் படங்களை எடுத்தவர்களில் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன் என்று இந்திய இயக்குநர்கள் பலர். நடிகரும் பாடகருமான பி. ராம்லி அறிமுகமான ‘சிந்தா’ (1948) ராஜ்ஹன்ஸ் இயக்கியது. ராம்லி முதன்முதலில் கதாநாயகனான ‘பக்தி’ (1950) கிருஷ்ணன் இயக்கியது. இந்தப் படப்பாட்டுகளில் இந்தித் திரையிசையின் சாயல் கேட்பது தற்செயல் அல்ல. ராம்லியின் தட்டுகள் இன்று சேகரிப்போர் முதலில் கேட்கும் சரக்கு. கிராமபோன் கம்பெனி பின்னாளில் இணைந்த ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் அலுவலகமும் ஒலிப்பதிவுக் கூடமும் ஆர்ச்சர்ட் சாலையின் மெக்டொனால்ட் ஹவுசில் இருந்தன. 1960களில் அதே நிறுவனத்துக்காகக் கிட்டார்க் குழுக்கள் பதிவு செய்த சிறு வினைல் தட்டுகளுக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு.

ஆப்பிரிக்க உறவு

இதே கம்பெனிகள் இதே முறையில் ஆப்பிரிக்காவிலும் வணிகம் செய்தன. சான்சிபார்த் தெருக்களில் பானை விற்ற சித்தி பிந்தி சாத் என்ற தாராப் இசைப் பாடகியை எச்.எம்.வி. 1928இல் பம்பாய்க்கு வரவழைத்துச் சுவாகிலிப் பாட்டுகளைப் பதிவு செய்தது. கிழக்கு ஆப்பிரிக்கக் குரல் ஒன்று தட்டில் ஏற, இந்தியப் பெருங்கடலைத் தாண்ட வேண்டியிருந்தது. கென்யாவில் மொம்பாசாவின் அசானந்த், கெரிச்சோவின் சந்தரானா போன்ற இந்தியக் கடைக்காரர்கள் தாங்களே தட்டு வெளியிடும் அளவுக்கு வளர்ந்தார்கள். அவர்கள் வெளியிட்ட வினைல்களை உலகம் முழுதும் இப்போது தேடுகிறார்கள்.

உரிமைக் கணக்குத்தான் இதில் கசப்பான பகுதி. ஜோகன்னஸ்பர்க்கில் காலோ கம்பெனிக்காக சாலமன் லிண்டா 1939இல் பாடிய ‘ம்பூபே’ உலகம் சுற்றிப் பெரும்பணம் ஈட்டியது. அவர் 1962இல் ஏழையாகவே இறந்தார். வாரிசுகளுக்கு உடன்பாடு கிடைத்தது 2006இல். விடுதலைக்குப் பின் கினி அரசு சிலிஃபோன் என்ற பெயரில் தானே இசைத்தட்டு நிறுவனம் தொடங்கி வேறு வழி காட்டியது. சிங்கப்பூர் அப்படி எதுவும் செய்யவில்லை. மாறாக 1970, 80களில் திருட்டுக் கேசட்டுகளின் ஏற்றுமதி மையமாகி, மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைவரை சரக்கு அனுப்பியது. 1987இல் பதிப்புரிமைச் சட்டம் வந்தபின்தான் அந்த வணிகம் ஒடுங்கியது.

தேடலும் பராமரிப்பும்

லிட்டில் இந்தியாவை ஒட்டிய சுங்கை ரோடு சந்தை பல தலைமுறைகளுக்குப் பழம்பொருள் வேட்டைக் களமாக இருந்தது. தரையில் விரித்த பாயில் கைக்கடிகாரங்களுக்கும் செருப்புகளுக்கும் நடுவே தட்டுக் கட்டுகளும் கிடக்கும். 2017 ஜூலை 10ஆம் நாளோடு சந்தை மூடப்பட்டது. இப்போது வினைல் கடைகள் குளிரூட்டிய வணிக வளாகங்களில் இருக்கின்றன, விலையும் அதற்கேற்ப. தேசிய நூலக வாரியத்தின் ‘மியூசிக்எஸ்ஜி’ தொகுப்பில் உள்ளூர் இசை மின்வடிவில் சேர்க்கப்பட்டது. மூலக் கம்பெனியின் பழம் ஆவணங்கள் இங்கிலாந்தில் ஹேய்ஸ் நகரிலுள்ள ஈ.எம்.ஐ. காப்பக அறக்கட்டளையிடம் இருக்கின்றன.

பதிவின் காலத்தை அறிய லேபிளைவிட, அதைச் சுற்றிய மழமழப்பான பகுதியில் பொறித்த எண்ணே நம்பத்தக்கது. அதே பதிவைப் பின்னாளில் வேறு லேபிளோடு மறுபடி அச்சிட்டிருக்கலாம், அந்த எண்ணோ அச்சிலேயே பதிந்தது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும் என்பதால் தட்டுகளைச் செங்குத்தாக, ஈரம் குறைந்த அலமாரியில் வைக்க வேண்டும். வினைலுக்குச் சிலர் பயன்படுத்தும் ஆல்ககால் கலந்த திரவத்தை அரக்குத்தட்டில் தடவவே கூடாது, அரக்கு அதில் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு சொட்டு மென்சோப்பு போதும். வினைல் ஊசியாலும் 78 தட்டை ஓட்டக் கூடாது. அதன் பள்ளம் அகலமானது, ஏறக்குறைய மூன்று மடங்கு பருமனான முனை வேண்டும். இன்னொன்று: 1920களுக்கு முந்திய தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகத்தைக் கூட்டிக் குறைத்து, பாடகரின் சுருதி இயல்பாக ஒலிக்கும் இடத்தைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.