தாழ்ப்பாள் யார் கையில்?

ஆடி மாதச் சனிக்கிழமைகளில் குச்சனூர் திருவிழாக் கோலம் கொள்கிறது. எள் விளக்கும் பூவும் விற்போர் தட்டருகே, கறுப்புச் சதுரங்கள் அச்சிட்ட அட்டையொன்றை இன்று காண்கிறோம். வாங்குபவரின் வங்கி எது, கைப்பேசிச் செயலி எது என்று எவரும் கேட்பதில்லை. எதிலிருந்து அனுப்பினும் பணம் வந்து சேருகிறது. 2016-இல் தொடங்கப்பெற்ற யூ.பி.ஐ. முறையின் பயன் இது. வாட்ஸ்அப் நிறுவனமே 2020-இல் அனுமதி பெற்று இம்முறைக்குள் வந்தது. ஆயின், வாட்ஸ்அப்பிலிருந்து பிற செயலியாருக்குப் பணம் அனுப்ப முடிகிற நமக்கு, பிற செயலியாருக்கு ஒரு வரிச் செய்தி அனுப்ப முடியவில்லை. பணத்துக்குத் திறந்த கதவு பேச்சுக்கு ஏன் திறக்கவில்லை?

சிறியவை பெரியதோடு இணையலாமா என்னும் வழக்கு நூறாண்டுப் பழமையுடையது. கிரகாம் பெல்லின் தொலைபேசிக் காப்புரிமைகள் 1893, 1894 ஆம் ஆண்டுகளில் காலாவதியானதும், அமெரிக்க நாட்டில் சிறு தொலைபேசிக் குழுமங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. பெல் நிறுவனம் எட்டிப்பாராத சிற்றூர்களில் உழவர்கள் தம் வேலி முட்கம்பியையே தொலைபேசிக் கம்பியாக்கிப் பேசிக்கொண்டார்கள். இரு நிறுவனங்கள் இயங்கிய நகரங்களில் வணிகர்கள் மேசைமேல் இரு கருவிகளை வைத்திருக்க நேர்ந்தது. பெல்லின் நெடுந்தொலைவுக் கம்பிகளோ பிறருக்கு மறுக்கப்பட்டன. அரசு வழக்கு நெருக்கிய நிலையில், 1913 டிசம்பர் 19 அன்று அந்நிறுவனத்தின் துணைத்தலைவர் நேதன் கிங்ஸ்பரி அரசின் தலைமை வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதினார். தகுதியுள்ள சிறு குழுமங்கள் நெடுந்தொலைவுக் கம்பிகளில் இணையலாம் என்று அதில் உறுதியளித்தார். அதனால் பெல் இளைத்துவிடவில்லை. 1921-இல் சட்டம் தளர்ந்தபின் சிறு குழுமங்களை மீண்டும் தாராளமாகவே விலைக்கு வாங்கியது. ஆனாலும் நாட்டுப்புறக் கூட்டுறவுத் தொலைபேசிச் சங்கங்கள் சில இன்றளவும் அங்கே உயிரோடிருக்கின்றன.

கணினி யுகத்தில் நிகழ்ந்தது வேறு. ஜாபர் என்றொரு செய்திமுறை இருந்தது. எவரும் தமக்கெனச் சர்வர் ஒன்றை அமைக்கலாம். ஒரு சர்வரில் உள்ளவர் மற்றொன்றில் உள்ளவரோடு உரையாடலாம். கூகுள் நிறுவனம் 2005-இல் தன் உரையாடல் சேவையை இம்முறையிலேயே தொடங்கி, 2006 சனவரியில் பிற சர்வர்களுக்கும் வாயிலைத் திறந்தது. சிறு சர்வர்காரர்கள் மகிழ்ந்தனர். நண்பர்கள் பெரும்பாலோர் கூகுளில் இருக்க, தனிச் சர்வர் எதற்கு என்று பலர் அங்கேயே குடிபுகுந்தனர். 2013-இல் கூகுள் புதிய சேவைக்கு மாறியபோது வெளியாருக்கான வாயில் அதில் இல்லை. கூகுளே ஜாபரைக் கொன்றது என்பாரும் உளர். அது சற்று மிகையே. கைப்பேசிக் காலமும் அதனைப் பின்தள்ளியது. வாட்ஸ்அப்பும் அடிப்படையில் அதே ஜாபர் முறையைத் தழுவி எழுந்ததுதான், வெளிக்கதவை மட்டும் வைக்காமல்!

இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே உள்ள வேற்றுமை கருதத்தக்கது. பெல் திறந்த கதவு அரசுக்குக் கொடுத்த வாக்கினால் திறந்தது. கூகுள் திறந்த கதவு அதன் விருப்பத்தால் திறந்தது. விருப்பம் மாறியதும் மூடிக்கொண்டது.

கம்பம் பள்ளத்தாக்கின் உழவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சுருளியாற்று நீரை நம்பியிருந்த பள்ளத்தாக்கு, 1895-இல் பெரியாற்று அணையோடு இணைந்தது. இன்று கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. இணைப்பினால் விளைந்த நன்மையை எவரும் மறுக்கார். எனினும், நீர் திறக்கும் நாளை இப்போது அறிவிப்பது அரசாணை. வாய்க்கால் கரையில் கூடும் ஊரார் அல்லர்.

2016-இல் செருமானிய இளைஞர் ஆய்கன் ராக்கோ தொடங்கிய மாஸ்டடான், ஜாபரைப் போலவே பல சர்வர்களின் கூட்டுறவு. 2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது இந்தியர் பலர் அதற்குப் பெயர்ந்தனர். சில வாரங்களிலேயே பெரும்பாலோர் திரும்பியும் விட்டனர். 2023 சூலையில் மெட்டா நிறுவனம் திரெட்ஸ் என்னும் தளத்தைத் தொடங்கி, மாஸ்டடானோடு இணையப்போவதாக அறிவித்தது. சர்வர் நடத்துவோர் பலர் அதனைத் தடுப்பதாக உறுதிமொழி எடுத்தனர். ராக்கோவோ இணைப்பை வரவேற்றார். 2024 மார்ச்சில் அமெரிக்கா, கனடா, சப்பான் நாட்டினருக்கு அவ்வாயில் திறக்கப்பட்டது.

இணைவதே தக்கது என்பது என் துணிபு. தடுப்பதனால் பெருந்தளத்துக்கு இழப்பொன்றுமில்லை. உறவினரோடு பேச இயலாத எளியவர்தாம் இழப்பவர். ஆனால் தன் சர்வரை, தன் உறுப்பினரைக் கைவிட்டு இணைவது ஜாபரின் வழி. அதனினும் முதன்மையானது, இணைப்பைப் பெரியவரின் தயவாக விடாமல் சட்டத்தின் கடமையாக்குவது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய சட்டம், சிறு செயலி கேட்டால் வாட்ஸ்அப் வாயில் திறக்க வேண்டும் என்கிறது; 2024 மார்ச் முதல் அக்கடமை நடைமுறைக்கு வந்தது.

நம்நாட்டில், 2025-இன் பிற்பகுதியில் சோகோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலி திடீரெனப் புகழ்பெற்றபோது, தென்காசிப் பக்கத்துச் சிற்றூரில் வாழும் அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு, செய்திச் செயலிகளும் யூ.பி.ஐ.யையும் மின்னஞ்சலையும் போல ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்றார். அப்போது அவருடையது சிறிய செயலி. நாளை அது பெரிதானாலும், அவர் சொல்லைக் காக்கத்தக்க சட்டம் இந்தியாவில் இயற்றப்படவில்லை.