நுகர்வோர் நீதி தருமபுரிக்கு வந்த பாதை

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. அரசு அலுவலகங்கள் பக்கத்தில் வந்தன. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருள் பழுதென்றால் சாமானியர் போய் நிற்க ஓர் இடம் கிடைக்க 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. மாவட்டந்தோறும் ஒரு மன்றம் என்று அது வகுத்தது. தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குகளையே மாவட்ட மன்றம் விசாரித்தது; 1993-இல் அது 5 லட்சமாகவும் 2003-இல் 20 லட்சமாகவும் உயர்ந்தது.

வேளாண்மையை நம்பிய நம் மாவட்டத்துக்கு இந்த வரலாற்றில் மிகப் பெரிய நாள் 2012 ஜனவரி 16 என்பேன். பாலக்கோட்டிலோ காரிமங்கலத்திலோ தக்காளி போடுகிற குடும்பத்துக்கு, விதை பொய்த்தால் அந்தப் போகமே போயிற்று. அதே துயரோடு ஆந்திர விவசாயிகள் தேசிய விதைக் கழகத்தின் மீது தொடுத்த வழக்கில் கழகம் பல தடைகளை எழுப்பியது. விதை உற்பத்திக்கு ஒப்பந்தம் செய்தவர் நுகர்வோர் அல்லர் என்றது. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கு ஷரத்து இருப்பதால் அங்கேதான் போக வேண்டும் என்றது. விதையின் மாதிரி ஆய்வகத்துக்குப் போகவில்லை என்றது. அந்த நாளில் வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எதையும் ஏற்கவில்லை. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிட்ட உழவனிடம் மாதிரி எப்படி இருக்கும்? நடுவரிடம் போவதா, நுகர்வோர் மன்றத்துக்கு வருவதா என்பது விவசாயியின் விருப்பம் என்றும் சொன்னது. 2018 டிசம்பரில், வீட்டுமனை நிறுவனம் ஒன்றின் வழக்கிலும் இதே நிலையை நீதிமன்றம் உறுதி செய்தது.

நடுவர் சட்டமும் நல்ல திசையில்தான் நகர்ந்திருக்கிறது. டிராக்டர், மினி லாரிக் கடன் பத்திரங்களில் நடுவரைக் கடன் கொடுத்த கம்பெனியே நியமிக்கும் என்று பொடி எழுத்தில் இருக்கும். படித்துக் கையெழுத்திட்டவர் அரிது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2015-இல் திருத்தியபோது, ஒரு தரப்போடு தொடர்புடையவர் நடுவராக அமர்வது தடுக்கப்பட்டது. முடிவில் அக்கறை உள்ளவர் தன்னிச்சையாக ஒற்றை நடுவரை நியமிக்கவும் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டம் இன்னொரு கதவைத் திறந்தது. எதிர்தரப்பு மும்பையில் இருந்தாலும், குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். ஆன்லைனில் வாங்கும் பென்னாகரத்து இளைஞருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இரு தரப்பும் இசைந்தால் சமரசத்துக்கும் வழியுண்டு. புகாரை இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. புதிய சட்டத்தில் ஒரு கோடி வரை என்றிருந்த மாவட்ட ஆணையத்தின் (பழைய மாவட்ட மன்றம்) வரம்பை 2021 டிசம்பரில் வந்த விதிகள் 50 லட்சமாகக் குறைத்தன. வீட்டுக்கு அதற்கு மேல் கொடுத்து ஏமாந்தவர் இன்று மாவட்டத்தை விட்டு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. பழைய வரம்பை ஒன்றிய அரசு திரும்பக் கொண்டுவர வேண்டும்.